டேங்க் கிளீனர் என்று ஒரு மீன் கிடையாது

இந்த எபிசோடைப் பேசினபடியே போடாமல், திரும்பத் திரும்ப வந்த இடங்களையும் "ஆ", "ம்"களையும் வெட்டிவிட்டு எழுத்தாகத் தந்திருக்கிறேன். கேட்டவர்கள் படிக்கலாம், கேட்காதவர்களும் படிக்கலாம்.

போன வாரம் ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். "அண்ணா, ரெண்டு அடி டேங்க்ல ஒரு சக்கர் வெச்சிருக்கேன். மூணு வருஷம் ஆச்சு. இப்ப ஒரு அடி இருக்கும். திரும்பக்கூட இடம் இல்ல. பாவமா இருக்கு. பக்கத்துல ஏரி இருக்கு, விட்டுடலாமா?"

நேரடியா பதில் சொல்லிடறேன். விடாதீங்க. அந்த ஏரி எவ்வளவு பெரிசா இருந்தாலும், உங்க மனசுல எவ்வளவு நல்ல எண்ணம் இருந்தாலும் விடாதீங்க. இதை உபதேசமா சொல்லலை. நானே ஒரு தடவை விட்டிருக்கேன். அந்தக் கதை கடைசியில வருது. அதுக்கு முன்னாடி, இந்த மீன் எப்படிப்பட்டது, வீட்டில் வளர்க்கணும்னா என்ன தேவை என்று வரிசையாகப் பார்ப்போம். ஏனென்றால் ஏரிக்கரையில் பக்கெட்டோடு போய் நிற்கிற பிரச்சினை, மீன் வாங்கின கடையிலேயே ஆரம்பிச்சிடுது.

கடையில் சொல்கிற ஒரு வரி

முதல் தடவை மீன் தொட்டி வாங்கப் போன எல்லாருக்கும் இந்த அனுபவம் இருக்கும். கோல்டு ஃபிஷ், மோலி, கப்பி எல்லாம் எடுத்தாச்சு. பில் போடும்போது கடைக்காரர் சொல்லுவார்: "ஒரு சக்கர் போட்டுக்கோங்க சார், டேங்க்கை கிளீன் பண்ணிடும்." ரெண்டு மூணு இன்ச் குட்டி. கறுப்பா, கண்ணாடியில் வாயை ஒட்டிக்கிட்டு இருக்கும். விலையும் கம்மி. யோசிக்காமல் வாங்கிடுவோம்.

கவனிச்சுப் பாருங்க. மற்ற மீன்களை அழகுக்காக வாங்குறோம். இதை மட்டும் வேலைக்கு எடுக்கிற மாதிரி வாங்குறோம். அதனால இது என்ன சாப்பிடும், எவ்வளவு வளரும், எத்தனை வருஷம் இருக்கும் என்று யாரும் கேட்கிறதில்லை. ஃபில்டர் வாங்கும்போது அது என்ன சாப்பிடும்னு கேட்போமா? அதே மனநிலைதான்.

இது யார்?

இது ஒரு கெளுத்தி. நம்ம ஊர் கெளுத்திக்கு உடம்பு வழவழன்னு இருக்கும். இதுக்கு உடம்பு முழுக்க எலும்புத் தகடுகள், கவசம் மாதிரி. வயிற்றுப் பக்கம்தான் மெத்தென்று இருக்கும். வாய் கீழ்ப்பக்கம், உறிஞ்சி மாதிரி. இந்தக் குடும்பத்துக்கு லோரிகாரிடே என்று பெயர். கெளுத்திகளிலேயே பெரிய குடும்பம் இதுதான், ஆயிரத்துக்கும் அதிகமான இனங்கள். சொந்த ஊர் தென் அமெரிக்காவும், அதை ஒட்டிய மத்திய அமெரிக்காவின் தென்பகுதியும்.

பொழுதுபோக்குக்காரர்கள் "ப்ளெக்கோ" என்று சொல்வது ப்ளெகோஸ்டோமஸ் என்ற பெயரின் சுருக்கம். கிரேக்க மொழியில் "மடிந்த வாய்" என்று பொருள். 1758-ல் லின்னேயஸ் இந்தப் பெயரை வைத்த மீன் இன்று ஹைப்போஸ்டோமஸ் ப்ளெகோஸ்டோமஸ். ஆனால் இன்று கடைகளில் அந்தப் பெயரில் கிடைப்பது பெரும்பாலும் அதன் உறவுக்காரன், டெரிகோப்ளிக்திஸ். வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு வழி: முதுகுத் துடுப்பு விரியும்போது உள்ளே இருக்கிற கதிர்களை எண்ணுங்க. ஏழு என்றால் ஹைப்போஸ்டோமஸ். பத்து, அதுக்கு மேல் என்றால் டெரிகோப்ளிக்திஸ். அந்தத் துடுப்பு முழுசா விரிஞ்சா படகுப் பாய் மாதிரி இருக்கும், உண்மையிலேயே அழகு.

டெரிகோப்ளிக்திஸ் ஒன்றரை அடி வரைக்கும் வளரக்கூடியது. நல்லா பார்த்துக்கிட்டா பத்து வருஷத்துக்கு மேல் உயிரோடு இருக்கும். அதாவது பில் போடும்போது ஒரு நொடியில் எடுத்த முடிவு, நீங்க வேலை மாறி, வீடு மாறி, கல்யாணம் ஆகி, குழந்தை ஸ்கூல் போகிற வரைக்கும் கூடவே வரும்.

மூணு இன்ச் கணக்கு

கொஞ்சம் கணக்கு போடலாம். பயப்படாதீங்க, பள்ளிக்கூடக் கணக்குதான்.

மூணு இன்ச் குட்டி பன்னிரண்டு இன்ச் ஆச்சுன்னா நீளம் நாலு மடங்கு. ஆனா நீளம் மட்டுமா கூடும்? அகலமும் உயரமும் சேர்ந்து கூடும். அப்போ எடை நாலு பெருக்கல் நாலு பெருக்கல் நாலு, ஏறக்குறைய 64 மடங்கு. கழிவு அப்படியே 64 மடங்கு ஆகாது, பெரிய உடம்பு கொஞ்சம் சிக்கனமாகத்தான் இயங்கும். ஆனாலும் அது பல மடங்கு என்பதில் சந்தேகம் வேண்டாம். சக்கர் வளர்க்கிற யாரையும் கேளுங்க, டேங்க்கை அதிகமா அழுக்காக்குறது யாருன்னு. நாள் முழுக்க நீள நீளமா கழிவு போட்டுக்கிட்டே இருக்கும்.

இப்போ தொட்டி. ரெண்டடிக்கு ஓரடிக்கு ஓரடி தொட்டியில் முழுசா நிரப்பினாலே 57 லிட்டர் தண்ணீர்தான். கல், மணல், மேலே விடுற இடம் எல்லாம் போக 50 லிட்டர்கூட தேறாது. மீன் கழிவிலிருந்து வருவது அம்மோனியா. அது விஷம். ஃபில்டரில் வாழும் பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், அதுவும் விஷம். வேறு பாக்டீரியா அதை நைட்ரேட் ஆக்கும், இதன் பாதிப்பு குறைவு. ஆனா நைட்ரேட் சேர்ந்துக்கிட்டே போகும். அதை வெளியேற்ற வாராவாரம் தண்ணீர் மாத்தணும். தண்ணீர் கம்மியா இருந்தா இந்தச் சக்கரம் முழுக்க வேகமா கெட்டுப்போகும்.

"தொட்டிக்குத் தக்கபடிதான் மீன் வளரும்" என்று சொல்லுவாங்க. பாதி உண்மை. சின்ன தொட்டியில் வளர்ச்சி மெதுவாகலாம். அது மீன் சமத்தா அனுசரிச்சுப் போறதால இல்லை, தண்ணீர் மோசமா இருக்கிறதால. அந்த வளர்ச்சிக் குறைவே ஒரு நோய்க்குறி.

அப்போ எவ்வளவு பெரிய தொட்டி? வளர்ந்த சக்கருக்கு ஆறடி நீளம், ரெண்டடி அகலம், ரெண்டடி உயரம் என்றால் நிம்மதி. 680 லிட்டர். நான் வெச்சிருக்கிறது நாலடி, 450 லிட்டர். அகலம் ரெண்டடி இருக்கிறதால என் மீன் தாராளமா திரும்புது. ஆனா போதும் என்று சொல்ல மாட்டேன், சமாளிக்கிறேன்.

அபார்ட்மென்ட்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தண்ணீர் ரெண்டடி ஆழம் என்றால் ஒரு சதுர மீட்டர் தரைக்கு 600 கிலோவுக்கு மேல் பாரம், கண்ணாடியும் ஸ்டாண்டும் தனி. குடியிருப்புத் தளங்களை சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ என்று வெச்சுத்தான் வழக்கமா டிசைன் பண்ணுவாங்க. தொட்டி ஒரு மூலையில்தான் நிற்கும், தளம் முழுக்க இல்லை என்பது சரி. ஆனாலும் மாடியில் வைக்கிறவங்க சுவரோரமா, பீமை ஒட்டி வைக்கணும், அதுக்கு முன்னாடி விஷயம் தெரிஞ்ச ஒரு சிவில் இன்ஜினியரைக் கேட்டுடணும். நான் கம்ப்யூட்டர் சயின்ஸ், அதனால கேட்டேன். கேட்ட பிறகு தரைத்தள வீடாகத்தான் தேடினேன்.

என் வீட்டு வாட்ச்மேன்

என்கிட்ட இருக்கிற சக்கருக்குப் பேர் வாட்ச்மேன். அம்மா வெச்ச பேர். பகல் முழுக்கத் தூங்கும், ராத்திரி லைட் அணைச்சதும் ரோந்து போகும். ஆறு வருஷம் ஆச்சு, இப்போ பதினாலு இன்ச். அதை வெச்சுக் கத்துக்கிட்டதைச் சொல்றேன்.

முதலில் சாப்பாடு. கண்ணாடியில் இருக்கிற பாசியைத் தின்னே வாழ்ந்துடும் என்பது பெரிய பொய். குட்டியா இருக்கும்போதே ரெண்டடி தொட்டியின் பாசி ஒரு வாரத்துக்குத் தாங்காது. மற்ற மீன் விட்ட மிச்சத்தைத் தின்னும் என்றால், மிச்சமே விழாத நாளில் பட்டினி. பட்டினி கிடந்தா என்ன செய்யும் தெரியுமா? கோல்டு ஃபிஷ், டிஸ்கஸ் மாதிரி தட்டையா, மெதுவா நீந்துற மீன்களின் உடம்பில் ஒட்டிக்கிட்டு மேல்தோல் வழவழப்பைச் சுரண்டும். காலையில் பார்த்தா அந்த மீன் மேல் புண் இருக்கும். "சக்கர் கெட்ட மீன்" என்று சொல்லுவோம். பசி என்று யாரும் சொல்றதில்லை.

நான் ராத்திரி லைட் அணைச்ச பிறகு பாசி வில்லைகள் போடுறேன், கடையில் ஆல்கே வேஃபர் என்று கேட்டா கிடைக்கும். வாரம் மூணு நாள் காய்: வெள்ளரிக்காய், சுரைக்காய், பூசணி. லேசா வெந்நீரில் போட்டு எடுத்து, ஆறினதும் ஒரு ஸ்பூனில் குத்தி அடியில் இறக்கிடுவேன். காலையில் மிச்சத்தை எடுத்துடணும், இல்லைன்னா தண்ணீர் கெடும். எப்பவாவது ஒரு துண்டு இறால். ஒரு மரக்கட்டையும் கிடக்கு. அதைச் சுரண்டும், அதுக்கு அடியிலேயே ஒளியும். சாப்பாடு போதுமான்னு தெரிஞ்சுக்க, கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது வயிற்றைப் பாருங்க. உள்வாங்கி, குழி விழுந்திருந்தா பட்டினி.

அடுத்து காற்று. தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைஞ்சா இது மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிட்டுப் போகும். இதன் வயிற்றுச் சுவரில் ரத்தக் குழாய்கள் அதிகம், அந்தக் காற்றிலிருந்து ஆக்ஸிஜனை எடுத்துக்கும். அதனால்தான் மற்ற மீன் செத்துப்போன தொட்டியில்கூட இது மட்டும் உயிரோடு இருக்கும். இதைப் பார்த்து "சக்கருக்கு ஃபில்டரே வேண்டாம்" என்று ஒரு பேச்சு. தாங்கிக்கிட்டு இருப்பதும் நல்லா இருப்பதும் ஒண்ணு இல்லை. மேலே அடிக்கடி வந்து போகுதுன்னா, தண்ணீரைப் பாருங்க. கரன்ட் போற ஊர்னா பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணு வாங்கி வெச்சிடுங்க.

மூணாவது தண்ணீர். வாரம் மூணில் ஒரு பங்கு மாத்துறேன். என் தொட்டிக்கு எட்டு பக்கெட். "மீனுக்கு இவ்வளவு தண்ணியா?" என்று அம்மா முதல் மாசம் திட்டினாங்க. இப்போ அந்தத் தண்ணீர் முழுக்கக் கறிவேப்பிலைக்கும் வாழைக்கும் போகுது, திட்டு நின்னுடுச்சு. குளோரின் கலந்த தண்ணீர் என்றால் ஆன்டி குளோரின் போட்ட பிறகுதான் ஊத்தணும்.

நாலாவது, பிடிக்கிற விதம். வலையில் பிடிக்காதீங்க. துடுப்பு முள்ளை விறைப்பா விரிச்சு வெச்சுக்கும், வலையில் மாட்டிக்கும், எடுக்கப் போனா அதுக்கும் காயம், உங்க கைக்கும் காயம். ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் தண்ணீருக்குள்ளேயே காட்டி, மெதுவா உள்ளே தள்ளி, தண்ணீரோடு தூக்குங்க. தொட்டிக்கு மூடியும் முக்கியம். ராத்திரி குதிக்கும்.

அப்போ பாசியை யார் சுத்தம் பண்றது?

நீங்கதான். பாசி வர்றதுக்குக் காரணம் வெளிச்சமும் சத்தும். லைட்டை ஒரு நாளைக்கு ஆறேழு மணி நேரத்தோடு நிறுத்துங்க, ஜன்னல் வெயில் படாத இடத்தில் தொட்டியை வைங்க, சாப்பாட்டைக் குறைங்க, தண்ணீரை ஒழுங்கா மாத்துங்க. மிச்சத்துக்குக் காந்தம் வெச்ச ஸ்கிரப்பர் போதும், வாரம் ரெண்டு நிமிஷ வேலை.

இல்லை, எனக்கு இந்த முகம்தான் பிடிச்சிருக்கு என்றால், அதே குடும்பத்தில் சின்ன உருவம் இருக்கு. மூக்கில் மீசை மாதிரி முளைக்கிற பிரிசில்நோஸ் ஏறக்குறைய அஞ்சு இன்ச்சோடு நின்னுடும். பாசியும் நல்லா தின்னும். ஒட்டோசிங்க்லஸ் ரெண்டு இன்ச்கூட வராது, ஆனா கூட்டமா வைக்கணும், பல மாசம் ஓடிப் பழகின தொட்டியில்தான் நிற்கும். பிரிசில்நோஸ் கொஞ்சம் விலை கூட. பத்து வருஷத்துக்கு 450 லிட்டர் தொட்டி பராமரிக்கிற செலவோடு ஒப்பிட்டா அது விலையே இல்லை.

எங்கள் ஊர்க் கண்மாய்

இப்போ அந்தக் கதை.

எங்க ஊர் சிவகங்கைப் பக்கம். நான் பத்தாவது படிக்கும்போது வீட்டில் ஒரு தொட்டி இருந்தது, அதில் ஒரு சக்கர். பொதுத் தேர்வு வருது, மீனைப் பார்த்துக்க ஆள் இல்லை. மீனும் ஒரு சாண் வளர்ந்துடுச்சு. அப்பா சொன்னார், "பாவம்டா, கண்மாயில விட்டுடுவோம். அதுபாட்டுக்குப் பொழைச்சுக்கும்." வண்டியில் அப்பா ஓட்ட, நான் பின்னாடி பக்கெட்டை அணைச்சுக்கிட்டு உட்கார்ந்து போனேன். தண்ணீரில் விட்டதும் ஒரு நொடி நின்னுட்டு, சரக்கென்று உள்ளே போயிடுச்சு. உண்மையைச் சொல்றேன், ரெண்டு பேருக்கும் ஏதோ புண்ணியம் பண்ணின சந்தோஷம்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஊருக்குப் போயிருந்தேன். கண்மாய் வற்றுகிற காலம், மீன்பிடித் திருவிழா. எங்க பக்கம் அது பெரிய விஷயம். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசினதும் ஊரே சேற்றில் இறங்கும். விரால், கெளுத்தி, கெண்டை, ஜிலேபி என்று கிடைச்சதைக் கொண்டுபோய் ஒவ்வொரு வீட்டிலும் குழம்பு கொதிக்கும். சித்தப்பா ஊத்தாவோடு இறங்கினார். கவுத்து, கையை உள்ளே விட்டவர் "ஆ"ன்னு கையை உதறினார். வெளியே எடுத்தா சக்கர். அடுத்த தடவையும் சக்கர். பக்கத்தில் வலை போட்டவர் வலையிலும் அதே, நூலெல்லாம் அறுந்து. பையன்கள் கரையில் தூக்கிப் போட்டாங்க. ரொம்ப நேரம் ஆகியும் சாகாமல் புரண்டுக்கிட்டே இருந்தது. "இது என்ன எழவு மீனுடா, எங்கேர்ந்து வந்துச்சு?" என்று சித்தப்பா கேட்டார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா கண்மாயைப் பார்த்துக்கிட்டு இருந்தார்.

ஒரு மீன் தனியா குட்டி போடாது, எனக்கும் தெரியும். ஆனா "நான் விட்டது ஒண்ணுதானே" என்று சுத்துப்பட்டு ஊரில் எத்தனை பேர் நினைச்சிருப்பாங்க? எங்க பக்கம் ஒரு கண்மாய் நிரம்பினா கலுங்கு வழியா அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர் போகும், அது நிரம்பினா அதுக்கடுத்தது. தண்ணீர் போகிற வழியில் மீனும் போகும். முட்டையிட ஆண் மீன் கரையைக் குடைந்து வளை தோண்டும், ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழம் வரைக்கும். அந்த வளைக்குள் முட்டையைக் காவல் காக்கும். நல்ல அப்பாதான். ஆனா மண் கரையை நம்பி இருக்கிற கண்மாய்க்கு அது ஓட்டை.

இது எங்க ஊர்க் கதை மட்டும் இல்லை. பிலிப்பைன்ஸில் லகுனா டி பே ஏரியிலும் மாரிகினா ஆற்றிலும் இதே கதை. அங்கே இதன் பேர் "ஜானிட்டர் ஃபிஷ்", துப்புரவு மீன். பேரிலேயே தெரியுது, எந்தக் கடையிலிருந்து ஆற்றுக்குப் போனதுன்னு. மெக்சிகோவில் இன்ஃபியர்னியோ நீர்த்தேக்கம் ஜிலேபி மீனுக்குப் பேர்போன இடம். அங்கே வலைகளில் ஜிலேபிக்குப் பதிலா இது நிரம்பி, மீனவர்கள் பிழைப்பே ஆட்டம் கண்டது. பங்களாதேஷ் 2023-ல் இந்த மீனைத் தடையே பண்ணிடுச்சு. இந்தியாவில் கேரளா, ஆந்திரா, மேற்கு வங்காளம், தமிழ்நாடு என்று பல மாநில நீர்நிலைகளில் இது இருக்கு. 2020-ல் வாரணாசியில் கங்கையிலேயே கிடைச்சது. அமேசான் பக்கம் இதை "அக்காரி போடோ" என்று சொல்லி, சுட்டும் குழம்பு வெச்சும் சாப்பிடுறாங்க. அங்கே அது உணவு. இங்கே வாங்க ஆள் இல்லை, வலை கிழிஞ்சதுதான் மிச்சம்.

இடம் இல்லாமல் போனா?

வாய்ஸ் நோட் அனுப்பின தம்பிக்கு என் பதில் இதுதான். முதலில், வாங்கின கடையில் கேளுங்க. பணம் வேண்டாம், எடுத்துக்கிட்டா போதும் என்று சொன்னா பல கடைக்காரர்கள் வாங்கிக்குவாங்க. ரெண்டாவது, பெரிய தொட்டி வெச்சிருக்கிற பொழுதுபோக்குக்காரர்களைத் தேடுங்க. மூணாவது, வீட்டு வளாகத்துக்குள்ளேயே மூடின சிமென்ட் தொட்டி. மழையில் நிரம்பி வழிஞ்சு வாய்க்காலுக்குப் போகாதபடி இருக்கணும். எதுவுமே அமையலைன்னா, கால்நடை மருத்துவர்கிட்ட வலி இல்லாமல் உயிரை முடிக்க வழி கேளுங்க. இதைச் சொல்ல எனக்கே கஷ்டமா இருக்கு. ஆனா ஒரு கண்மாயோடு ஒப்பிட்டா, அதுவும் பொறுப்புதான்.

இன்னும் வாங்காதவங்களுக்கு வேலை சுலபம். கடைக்காரர் "ஒரு சக்கர் போட்டுக்கோங்க சார்" என்று சொல்லும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "இது எவ்வளவு பெரிசா வளரும்?" பதில் வரட்டும், அப்புறம் பில் போடலாம்.

இந்த எபிசோடை ரெக்கார்ட் பண்றதுக்கு முன்னாடி அப்பாவுக்கு போன் பண்ணி, நம்ம கண்மாய்க் கதையைச் சொல்லட்டுமான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "சொல்லு. என் பேரையும் சேர்த்தே சொல்லு. நான்தானே வண்டி ஓட்டினேன்" என்றார்.

பேர் சொல்லலை. சொல்லிட்டேன்னு நினைச்சுக்கோங்க அப்பா.